பையனை விக்கிறதுக்கு முன்னாடி ஸ்கோர் நோட்டைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல, பாஸ்கெட்பால்ல கப் அடிக்கணும்னா வளர்ற பசங்களை ட்ரேட் பண்ணிட்டு (வேற டீமுக்கு மாத்திக் குடுத்துட்டு) ரெடிமேட் ஸ்டாரை வாங்கிரணும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. நான் பேரனோட காலைல 6 மணிக்கு காபி டம்ளரும் கையுமா உக்காந்து என்பிஏங்கிற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கைப் பாக்குற காரைக்குடி ஆளு, அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

2019 ஜூலைல கிளிப்பர்ஸ் டீம் ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரை ஓக்லஹோமா டீமுக்குத் தள்ளிவிட்டாக, அப்ப அவனுக்கு 21 கூட ஆகல, ஆடுனது ஒரே சீசன், மேட்சுக்கு 10.8 பாயிண்ட். பதிலுக்கு ரெடிமேட் ஸ்டார் பால் ஜார்ஜ் வந்தாரு, அதுக்கு ஷாய் மட்டும் பத்தாதுன்னு கல்லினாரிங்கிற ஆட்டக்காரரையும் அஞ்சு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையும் (புதுப் பசங்களை மொதச் சுத்துல தேர்ந்தெடுக்கிற உரிமை) வேற அள்ளிக் குடுத்தாக. கவாய் லெனார்டுங்கிற இன்னொரு ஸ்டாரும் கூட வந்தாரு, இல்லன்னு சொல்லல, 2021ல வெஸ்ட் ஃபைனல், அதாவது லீக்கோட அரையிறுதி வரைக்கும் போனாக, அதோட சரி. 2024ல ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கெளம்பிட்டாரு, பதிலுக்கு ஒரு ஆளு கூட கிடைக்கல. அடுத்த வருஷமே ஷாய் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்), ஃபைனல்ஸ் எம்விபி, கப்பு எல்லாத்தையும் வாரிக்கிட்டான். அந்த ஃபைனல்ஸ்ல அஞ்சாவது மேட்சுல 40 பாயிண்ட் போட்ட ஜேலன் வில்லியம்ஸ் இருக்கானே, அவனும் கிளிப்பர்ஸ் குடுத்த பிக்குல வந்தவன்தான்!

ஆனா இதைவிட எனக்கு வயித்தெரிச்சல் ஜெர்மெய்ன் ஓனீல் கதை. போர்ட்லேண்ட் டீம்ல 4 சீசன் பெஞ்சைத் தேச்சுட்டு 2000ல இண்டியானாவுக்குப் போனான், போனதுக்கப்புறம் 6 தடவை ஆல் ஸ்டார், அதாவது லீக்கோட சிறந்தவுக ஆடுற மேட்சுக்குத் தேர்வு. ஷாயை வித்தது அவசரம், சரி, அவன் ஆட்டத்தைப் பாத்துட்டாவது வித்தாக. இவனைச் சரியா எறக்கியே பாக்கல.

எங்க பாட்டையா ரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற சின்னப் பையனாப் போனப்ப வயசு 13. முதல் மூணு வருஷக் கணக்குல பெட்டிக்கிட்ட உக்காந்து பேரேடு எழுதுறதுதான் வேலை, ஆனா தெனமும் எழுதணும், தப்பு வந்தா மேலாள் கிட்ட வாங்கிக்கட்டிக்கிட்டு மறுபடி எழுதணும். அப்படித்தான் அடுத்தாளா, அதாவது மேலாளுக்கு அடுத்த ஆளா ஆனாரு. பையனை மூலையில உக்கார வச்சிட்டு இவனுக்குக் கணக்கு வராதுன்னு யாரும் கப்பல் ஏத்தி அனுப்பல.

எல்லாரையும் கட்டிப்புடிச்சு வச்சிக்கிட்டே இருக்கணும்னு நான் சொல்லல. 2020ல ரெண்டாவது பிக்கா வந்த வைஸ்மேனை வாரியர்ஸ் டீம் எறக்கிப் பாத்தாக, முழங்கால் அடி வேற, ஒரு சீசனே போச்சு, 2023ல விட்டுட்டாக. அது நியாயம்.

இதெல்லாம் அமெரிக்கா கதைன்னு விட்டுரலாம், எங்க ஊர் டீமுலயும் இதேதான் நடக்குது. 17 வயசுப் பையன் ஒருத்தன், எடது கையால லே அப் (வளையத்துக்குக் கிட்ட ஓடிப்போய் பந்தைப் போடுறது) போனான்னா சிமெண்ட் கோர்ட்டைச் சுத்தி நிக்கிறவுக பேச்சை நிறுத்திருவாக. போன டோர்னமெண்டுக்கு வெளியூர்லேந்து ரெண்டு கெஸ்ட் பிளேயரைக் கூட்டியாந்தாக, இவன் ட்ராக் சூட்டைக் கழட்டவே இல்ல. 20 பாயிண்ட் பின்னாடி கெடக்கையில கடைசி ஒரு நிமிஷம் எறக்குனாக, வந்த மொதப் பந்தையே வெளிய விட்டுட்டான், உடனே என் பக்கத்துல நின்ன நிர்வாகி "பாத்தீகளா, ப்ரஷர் தாங்கமாட்டான்"ங்கிறாரு. 20 பாயிண்ட் பின்னாடி என்னய்யா ப்ரஷர்?

இப்ப அவனைப் பக்கத்து ஊர் கிளப்புக்கு விட்டுட்டு அங்கேந்து ஒரு சீனியரை எடுக்கலாம்னு பேச்சு ஓடுது. பேரன்தான் கேட்டான், "ஐயா, அவன் மொத்தமே எவ்வளவு நேரம் ஆடியிருப்பான்?"னு. ஸ்கோர் நோட்டை வாங்கி ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து சீசன் முழுக்க கூட்டிப் பாத்தோம். 11 நிமிஷம்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
காரைக்குடி