அப்பாவின் நெற்றி

அன்புள்ள ராஜி,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். இவருக்கு முழங்கால் வலி, சின்னவள் வேலை மாறிவிட்டாள், புளியோதரை மாமி இன்னும் உன்னை விசாரிக்கிறார். விஷயம் அப்பாவைப் பற்றியது.

அப்பா திருநீறு பூசுகிறார்.

சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னம்மா, நெத்திக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா?" என்று கேட்ட அதே மனிதர்தான். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967ல் சட்டம் வருவதற்கு முன்பே அப்படிக் கல்யாணம் செய்துகொண்டு, "எங்களைப் பார்த்துத்தான்டி சட்டமே போட்டாங்க" என்று பெருமையடித்தவர். அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சரசு காலையில் குளித்துவிட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொள்வாள். ஒருநாள் அப்பா முகத்தை நீட்டி "எனக்கு?" என்றாராம். மறதி நோய் விட்டுவைத்திருக்கும் கொஞ்சநஞ்சச் சொற்களில் அதுவும் ஒன்று. அவள் பூசிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. பூசியதும் அவர் முகத்தில் ஒரு நிறைவு. அம்மா போனபிறகு நான் பார்க்காத நிறைவு.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பத்தான் அப்பாவுக்குக் கண் திறந்திருக்கு" என்று பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போடத் தேதி பார்க்கிறாள். படம் எடுத்து உறவுக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்துத் தம்பி பெங்களூரிலிருந்து போனில் கத்துகிறான்: சரசுவை நிறுத்து, அப்பாவுக்கு நினைவு இருந்தால் இதைச் சகிப்பாரா? இரண்டு பேரும் சொல்வது "அப்பாவுக்காகத்தான்". இருவருமே அப்பாவிடம் போய் உட்காரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ராத்திரித் தூக்கம் போனது இதில்தான். ஐம்பது அறுபது வருஷம் ஒரு கொள்கையோடு வாழ்ந்த மனிதர் அப்பாவா, இன்று காலை முகத்தை நீட்டியவர் அப்பாவா? அன்றைய அப்பாதான் என்றால், இன்று சிரிக்கிற கிழவரைத் தண்டிக்க வேண்டும். இன்றைய அப்பா மட்டும்தான் என்றால், அந்த வாழ்க்கை முழுவதும் ஏதோ வேறொரு ஆளுடையது என்றாகிவிடும்.

தேடிப் படித்ததில் இங்கிலாந்து வழக்கு ஒன்று கிடைத்தது. 2015ல் நடந்தது. 73 வயதுக்காரர், பல வருஷமாக மனச்சிதைவு நோய், தேவதைகளும் மாதாவும் தன்னிடம் பேசுவதாகச் சொல்பவர். காலில் புண் முற்றிவிட்டது, காலை வெட்டி எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்கிறார்கள் மருத்துவர்கள், அவர் மாட்டேன் என்கிறார். முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்பதை நீதிபதி பீட்டர் ஜாக்சன் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை; மருத்துவமனைக்கே போய் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் பேசிப் பார்த்தார். பிறகு காலை எடுக்க அனுமதி மறுத்தார். தேவதைகளின் குரல் நோயால் வந்ததாகவே இருக்கட்டும், இத்தனை வருஷமாக அது அவர் வாழ்க்கையின் பகுதி, நோயிலிருந்து வந்தது என்பதற்காகக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது என்பது அவர் எடுத்துக்கொண்ட நிலை. திறன் போனவருக்கும் விருப்பம் போவதில்லை, ராஜி. நம் தம்பிக்கு இது புரியவில்லை.

அக்காவுக்கும்தான் புரியவில்லை. அவராக முகத்தை நீட்டுவது வேறு, நாம் காரில் ஏற்றிப் பழனிக்குக் கொண்டுபோவது வேறு. திருநீறு அவர் கேட்டது. மொட்டை அக்கா கேட்பது. அவர் சரசுவிடம் கேட்டது கடவுளையா, நெற்றியில் படும் ஒரு கையையா என்றுகூட எனக்குத் தெரியாது. அதை "அப்பா மனம் திரும்பிவிட்டார்" என்று ஊருக்குச் சொல்வது, வாயில்லாதவர் பேரில் பொய்க் கையெழுத்துப் போடுவதுதான். ஆகவே என் தீர்ப்பு: திருநீறு இருக்கட்டும், பழனியும் வேண்டாம், படமும் வேண்டாம்.

உடல் தான விஷயம் இன்னொன்று. மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுக்கச் சொல்லித் தெளிவாக இருந்தபோதே எழுதிவைத்திருக்கிறார். "இப்பத்தான் மாறிட்டாரே, முறைப்படி எரிச்சிடலாம்" என்கிறாள் அக்கா. கடைசியில் உடலை ஒப்படைப்பது வீட்டார்தான், அதனால் அவள் நினைத்தால் தடுத்துவிடலாம். ஆனால் அன்றைக்குச் சந்தோஷப்பட இன்றைய அப்பா இருக்கமாட்டார். அங்கே அந்தப் பழைய காகிதம்தான் பேச வேண்டும். இதில் நான் தம்பி பக்கம்.

சட்டம் உதவும் என்று நினைக்காதே. அப்பா தம்பிக்கு எழுதிக்கொடுத்த பவர், கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறினாலே செல்லாது என்கிறார் வக்கீல். 1872 ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எதற்காகப் பவர் எழுதினோமோ அந்த நாள் வரும்போது அது செத்துப்போகிறது! 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி காப்பாளர் போடலாமா என்றால், அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. 2017 மனநலச் சட்டம் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறது, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்க 2024ல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வீட்டு வரி கட்டவும் அவர் பென்ஷனை எடுக்கவும் நானும் அந்தப் படி ஏற வேண்டும்போல.

திருநீற்றுக்கே இவ்வளவு சண்டை என்றால், விழுங்க முடியாமல் போய் மூக்கில் குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்கும் நாளில் என்ன ஆகும்? அப்பா அதைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை. நான் எழுதப் போகிறேன். முன்கூட்டி எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்னது. மாஜிஸ்ட்ரேட்டைத் தேடி அலைய வேண்டாம், நோட்டரி போதும் என்று 2023ல் எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நீ. குழாய் வேண்டாம் என்பதோடு ஒரு வரி சேர்க்கிறேன்: புத்தி பேதலித்து நான் சீரியல் பார்க்க ஆரம்பித்தால் யாரும் ரிமோட்டைப் பிடுங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அக்காவும் வருகிறாள். நான் சொன்னால் இருவரும் கேட்கமாட்டார்கள். பழனி வேண்டாம் என்று நீ சொன்னால் அக்காவால் உன்னை நாத்திகக்காரி என்று திட்ட முடியாது. சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு.

உன்
மல்லிகா