ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பெற்றோர் ஆசிரியர் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

கழகத் தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர், ஆசிரியை, பெற்றோர்கள், முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பள்ளியின் ஓராண்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

கோடை வெயில் தணியாததால் பள்ளி 2024 ஜூன் 10 அன்றுதான் திறந்தது. ஆண்டு முடிவிலும் வெயில் விடவில்லை. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வை முன்னதாகவே ஏப்ரல் 7இல் தொடங்கி 17இல் முடித்தார்கள். இடையில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது, நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. நம் பள்ளியின் பெரிய வகுப்பறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த, அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி நூல்கள் ஊறிவிட்டன. சத்துணவு அமைப்பாளரும் சமையல் உதவியாளரும் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சத்துணவுக் கூடத்தில் கயிறு கட்டி உலர்த்தினார்கள். அந்த நூல்களின் அட்டை இன்றும் உப்பியபடிதான் இருக்கிறது. பிள்ளைகள் அவற்றில்தான் ஆண்டு முடியும்வரை எழுதினார்கள். அவ்விருவருக்கும் கழகத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

காலை உணவு தடையின்றி நடந்தது. மகளிர் குழுவினர் ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய வாரம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைக் கழக உறுப்பினர்கள் உடன் அமர்ந்து கேட்டோம். ஒரு மாணவி பாடநூலை மூடி வைத்துவிட்டு, தாத்தாவுக்கு வந்த முதியோர் உதவித்தொகைக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள். வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தின் மொழிநடை அவளுக்குக் கடினம்தான். இரண்டு இடங்களில் நின்றாள், திரும்பப் படித்தாள், முடித்தாள். தாத்தாவிடம் எதைச் சொல்ல வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னாள். இவ்வாண்டு நான் கண்ட நல்ல தேர்வு முடிவு அதுவே. அதே வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் இதை ஆசிரியர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயம் ஆகாது.

2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க இடம் தரும்படி விதியைத் திருத்தியது. எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்ற முறையே தொடரும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதைக் கழகம் மனமார வரவேற்கிறது. நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்தால், அது மறுபடி அதே வகுப்பில் வந்து உட்காராது, செங்கல் சூளைக்குப் போய்விடும்.

சூளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் செங்கல் அறுக்கக் கிளம்பின. பிள்ளைகளும் கூடவே போனார்கள். ஆண்டுத் தேர்வு நாளில் அவர்கள் இடம் காலியாகவே இருந்தது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை விட்டுச் செல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? கல்வி உரிமைச் சட்டப்படி, போகும் ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. இது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. வரும் ஆண்டில் டிசம்பர் மாதத்திலேயே வீடு வீடாகச் சென்று இதைச் சொல்வது என்றும், பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்ணான எமிஸ் எண்ணை எழுதிக் கையில் கொடுத்தனுப்புவது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது.

ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் இனிப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்தப் படிப்பு தகுதி தரும்.

பள்ளி 2025 ஜூன் 2 அன்று திறக்கிறது. அதற்குள் சூளையில் இருக்கும் பிள்ளைகளை நேரில் பார்த்துவர இரு சக்கர வாகனம் உள்ள உறுப்பினர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்