கை பொருந்துகிற வரைக்கும்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். "ரெண்டு ஜாக்கெட் பாழாப்போச்சும்மா, ஆண்டவர் இந்தத் தாலந்தை எனக்குக் கொடுக்கலை" என்று போனில் சொன்னாய். அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தேயு 25-ஆம் அதிகாரத்துத் தாலந்து எடை போட்டுக் கொடுக்கிற பணம், அம்மாடி. 5 வாங்கினவன் அதை வைத்து வியாபாரம் பண்ணித்தான் 10 ஆக்கினான். உனக்கும் கையும் கண்ணும் ஒரு மிஷினும் கிடைத்திருக்கிறது. மீதி எல்லாம் உட்கார்ந்து தைக்கிற மணிக்கணக்கில் இருக்கிறது.

நீ அனுப்பின படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிஷினில் ஒரு கோளாறு, வெட்டினதில் ஒரு கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு உன்னையே குறை சொல்கிறாய்.

தையலுக்கு அடியில் நூல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. அடியில் தெரிவதால் அடிநூல் சுற்றின பாபின்தான் கெட்டுப்போச்சு என்று பாபின் கேஸ் திருகைத் திருகியிருப்பாய். புதிதாகத் தைக்கிற எல்லாரும் அங்கேதான் கை வைப்பார்கள். அடியில் சுருண்டால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. துணியை அமுக்குகிற மிஷின் பாதத்தை இறக்கி வைத்தபடி நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் மூடியிருக்கும், நூல் நடுவில் இறங்காமல் வெளியிலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு, நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோர். பிறகு பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார். தானாகச் சரியக் கூடாது. லேசாக உதறினால் 1, 2 இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்று. சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11. தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுக்காதே. ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும், முனை மழுங்கும். எண்ணெய் தையல் மிஷின் எண்ணெயாகவே இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து பிசுக்காகும், சக்கரமே சுற்றாது.

இனி அந்த ஜாக்கெட் கை. உன்னை அழ வைத்தது அதுதானே. இரண்டு கையையும் விரித்த துணியில் ஒரே அச்சை வைத்துத் தனித்தனியாக வெட்டியிருக்கிறாய், இரண்டும் இடது கையாகிவிட்டது. கையின் வளைவில் முன்பக்கக் குழி பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் போல ஆழமாக இருக்கும். அது பின்னால் போய்விட்டால் முன்னால் சுருக்கம் விழும், முதுகுப்பக்கம் இழுக்கும். துணியை நல்ல பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்து, இரண்டையும் ஒன்றாக வெட்டு. பிரிக்கிறதுக்கு முன்னாலேயே முன்பக்கத்தில் கத்தரியால் ஒரு சின்னக் குறி போட்டுவிடு.

கைத்துணியின் வளைவு உடம்புத்துணியின் கைக்குழியைவிட அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் வரை அதிகமாகத்தான் இருக்கும். அளவு தப்பு என்று அதை வெட்டிவிடாதே. தோள் உருண்டையாக இருக்கிறது, அந்த உருண்டைக்கு வேண்டிய துணி அது. கையின் நடுக்குறியைத் தோள் தையலில் வைத்துக் குண்டூசி குத்து, இரண்டு ஓரத்திலும் குத்து, இடையில் கூடுதலைப் பரப்பிவிடு. தைக்கும்போது கைத்துணி அடியில் இருக்கட்டும், உடம்புத்துணி மேலே. துணியை நகர்த்துகிற மிஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், அந்த அதிகத் துணியை அதுவே உள்ளே வாங்கிக்கொள்ளும். நீ தலைகீழாக வைத்ததால்தான் முடிவில் துணி மிஞ்சி, மடித்து வைத்துத் தைத்திருக்கிறாய்.

ஒன்றை மட்டும் கேள். கை இறுக்குகிறது என்று கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டிவிடாதே. குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறும். வெட்டினதைத் திருப்பி ஒட்ட முடியாது. குழியை முதலில் அரை இஞ்ச் குறைத்தே வெட்டு. பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விடு.

பிரிப்பதற்குச் சலித்துக்கொள்ளாதே. ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழு, முழுசாக உருவி வரும். பருத்தியில் ஓட்டை தெரிந்தால் தண்ணீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் வருடி, இஸ்திரி போடு, மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. அதனால் ஒரு வருஷத்துக்குப் பட்டைத் தொடாதே.

மிஷினில் உட்காரும் முன் ஜெபம் பண்ணு, கட்டாயம் பண்ணு. கோணல் தையலை நேராக்கித் தரும்படி கேட்காதே. மூன்றாம் முறை பிரிக்கும்போதும் மனம் கசக்காமல் இருக்கக் கேள். பிரித்துத் தைப்பதும் ஆராதனைதான் என்று நான் நம்புகிறேன். யாத்திராகமத்தில், தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று ஆண்டவர் பேர் சொல்லிச் சொன்ன பெசலெயேல் ஒரு கைவேலைக்காரன். கூட இருந்த அகோலியாப் தையல் வேலையும் தெரிந்தவன். 26-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி வாசி. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை இணைக்க ஒரு ஓரத்தில் கொக்கி மாட்டுகிற 50 காது, எதிர் ஓரத்தில் 50 காது, ஒன்றுக்கொன்று நேராக. நடுவில் 50 பொன் கொக்கி. காது நேராக இருக்க வேண்டும் என்பதையும் கர்த்தர் சொல்லித்தான் விட்டிருக்கிறார். உன் ஜாக்கெட்டுக்கு 5, 6 கொக்கிதான். முதலில் எல்லாக் கொக்கியையும் தைத்து முடி. கழுத்து விளிம்பு இரண்டையும் சமமாகப் பிடித்து, பட்டியை மேலே படியவைத்து, ஒவ்வொரு கொக்கியின் முனைக்கும் சாக்கால் புள்ளி வைத்த பிறகு நூல் காது போடு. கண் மதிப்பில் போட்டால் கால் இஞ்ச் தவறும், கழுத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கிறிஸ்துமஸுக்குச் சபையின் விதவைத் தாய்மார் 12 பேருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறாய். அவர்களுக்குக் கடை அளவு உதவாது. முதுகு வளைந்திருந்தால் பின்பக்க நீளத்தில் அரை இஞ்ச் கூட்டு, முன்பக்கத்தைக் கூட்டாதே. விரல் மடங்காத பாட்டிக்குப் பெரிய கொக்கியாகப் போடு, முன்பக்கத் திறப்பாகவே வை. தோள் தூக்க முடியாதவர்களுக்குக் கைச்சுற்றில் ஒரு இஞ்ச் தளர்த்து. அளவெடுக்கும்போது அவர்களிடம் கேள், எந்தக் கை வலிக்கிறது என்று. அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டினது அவள் தைத்துக் கொடுத்த துணிகளைத்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தியின் உடம்புக்குப் பொருந்தியிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் மாறிப்போன குன்னத்தூர் சத்திரத்தில் நூலும் கொக்கியும் 14-ஆம் நம்பர் ஊசியும் வாங்கினேன். பழைய சுங்குடிப் புடவை ஒன்றையும் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். பருத்தி வழுக்காது, பழக அதுதான் நல்லது. தனியாக அலசு, சாயம் விடலாம். லைனிங் துணியை வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடு. இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

அந்தச் சுங்குடியில் கை மட்டும் நாலு ஜோடி தைத்துப் பழகு, ஜாக்கெட் வேண்டாம். ஐந்தாவதை ஒரு பாட்டிக்கு ஜாக்கெட்டாகவே தைத்துப் போட்டுவிட்டு, கொடியில் துணி போடுகிற மாதிரி கையைத் தூக்கச் சொல்லி, பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா