அக்கா, அத்தானின் படம் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

சாத்திரம் சொல்லும் அம்மா காலமாகி இரண்டு மாதமாகிறது. எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் பார்த்தேன். பொட்டும் கண்ணாடியுமாக, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் போல இருந்தார். செத்தவீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. அந்தியேட்டி முடிந்த கிழமை போனேன்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த அம்மாவின் மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இதை யாரும் வாசிக்கலாம்.

மகள் என்னைக் கண்டவுடனே அடையாளம் பிடித்துவிட்டாள். "அண்டைக்கு வந்து சண்டை பிடிச்ச மாஸ்டர்தானே நீங்கள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தேத்தண்ணி தந்தாள். பிறகு சாமியறைக்குள் போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே முழுக்கப் படங்கள். அடையாள அட்டைக்கு எடுத்தவை, பள்ளிச் சீருடையோடு எடுத்தவை, மூலை எரிந்தவை, நனைந்து காய்ந்து சுருண்டவை. "அம்மா பூசைக்கெண்டு வாங்கி வைச்சது. ஆக்கள் வந்து எடுத்துக்கொண்டு போகினம். உங்கட ஆளையும் பாருங்கோ" என்றாள்.

காணாமல் போன அத்தான் அந்தப் படங்களின் நடுவில் இருந்தார். கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை. ஓரத்தில் உன் தோளும் கூறைச் சேலையின் கரையும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. நல்லிணக்க ஆணைக்குழுவிலிருந்து காணாமல் போனோர் அலுவலகம் வரைக்கும் நீ கொடுத்ததெல்லாம் பிரதி என்று அப்போதுதான் விளங்கியது. காணாமல் போனோருக்கான வீதிப் போராட்டத்தில் மடியில் வைத்திருக்கிறாயே பிரேம் போட்ட படம், அதுவும் பிரதி. மூலப்படத்தை இந்த வீட்டில் கொடுத்திருக்கிறாய்.

இதற்கு ஏன் எனக்குக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பதின்மூன்று வருடமாகப் பேசவில்லை. இன்றைக்கு நான் பேசுகிறேன். கடிதத்தில் நீ இடையில் மறிக்க முடியாது.

2012 ஆவணி. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வந்து நீ தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரைப் பற்றி அப்பா சொன்ன கதைகள் எனக்கு வேதம் போல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த மனுஷன், 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். சாத்திரக்காரருக்கு அவர் வைத்த சோதனை எளிது: பிறந்த நேரமும் இடமும் சரியாகக் குறித்த பத்துச் சாதகங்களைத் தருகிறேன், ஆண் எது, பெண் எது, உயிரோடு இருப்பது யார், செத்தது யார் என்று பிரித்துக் காட்டு. 1978இல் அவர் சாகும் வரைக்கும் அந்தக் காசை ஒருவரும் வாங்கவில்லை. உன்னோடு துணைக்கு வருகிறேன் என்று சொன்னபோது என் சேட்டுப் பையில் சின்ன மாமாவின் இளமைக்காலப் படம் இருந்தது. 1998இல் மாரடைப்பில் போன மாமா. சாம்பலைக் கடலில் கரைத்தவன் நான்.

படலையடியில் மகள் ஒரு கொப்பியோடு இருந்தாள், நினைவிருக்கிறதா? வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்தபடி, "எங்கை விட்டனீங்கள், எப்ப விட்டனீங்கள், வேற ஆரும் கண்டவையோ" என்று அன்பாகக் கேட்டாள். பிறகு தேத்தண்ணி கொடுக்க உள்ளே போய் வந்தாள். நம் முறை வரும்போது உள்ளே இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதை நான் உன் காதுக்குள் சொன்னேன். நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டாய்.

நான் படத்தை வைத்தேன். கூட்டாளி, போரின் கடைசியில் வட்டுவாகலில் விட்டது என்றேன். அவர் வெற்றிலையில் மையைத் தடவி விளக்குக்கு நேரே பிடித்தார். "ஆள் இருக்கிறார். தெற்குப் பக்கம். தண்ணி கிட்டடியில. இடக்காலில ஒரு நோவு. ஆறு மாதத்தில சேதி வரும்."

அத்தானுக்கு உன்னிடம் சொன்ன அதே நாலு வசனம். வன்னிக்குத் தெற்கே தண்ணி கிட்டடியில் இல்லாத இடம் இந்தத் தீவில் எங்கே இருக்கிறது? குளம், ஆறு, கடல், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கிணறு. அடைபட்டுக் கிடக்கும் எந்த மனுஷனுக்குத்தான் காலில் நோவு இல்லை? ஆறு மாதத்தில் சேதி வராவிட்டால் அட்டமத்துச் சனி இருக்கவே இருக்கிறது. எப்படிப் போனாலும் பிழைக்காத பதில்.

நான் எழும்பி, முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். இவர் என் மாமா, செத்துப் பதினாலு வருடம், இந்த மனுஷி உங்களுக்கும் இதையேதான் சொல்லப்போகிறாள் என்று. வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினேன். எனக்கு என் குரல் பிடித்திருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒருவரும் எழும்பவில்லை. வேம்படியில் இருந்த ஒரு கிழவி தன் நம்பர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்தது ஆர்?" என்று கேட்டா. அவ்வளவுதான். அடுத்த ஆள் உள்ளே போனா.

இன்னொன்றும் அன்றைக்குக் கண்டேன். இவ்வளவு நாளும் அதைச் சொல்லவில்லை. நான் படத்தை வைத்தவுடனேயே அது சின்ன மாமா என்று உனக்குத் தெரிந்துவிட்டது. உன் கண் ஒருதரம் என் பக்கம் வந்து போனது. நீ என்னைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. என்னைவிட ஆவலாக அந்தப் பதிலுக்குக் காத்திருந்தவள் நீ.

படலையடியில் "நீ கெட்டிக்காரன் தம்பி" என்றாய். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை பேச்சில்லை. முறிகண்டியில் பஸ் நின்றது. நீ இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாய். நான் இறங்கவில்லை, கொள்கை! (இப்போதெல்லாம் நானும் இறங்குகிறேன். கச்சான் கடலைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.) நீ மிச்சக் காசில் எனக்கு ஒரு சரை கச்சான் வாங்கிவந்தாய். அது சூடாக இருந்தது. அதைத் தின்றுகொண்டுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்: "அத்தான் செத்திட்டார் அக்கா. மரணச் சான்றிதழ் எடுப்பம்."

"செத்ததை ஆர் கண்டது?" என்றாய். யன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாய்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இதை விளங்கிக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கோவூர் பத்துக் கேட்டார். நான் ஒன்றோடு போனேன். அது போகட்டும். அந்தச் சோதனையில் நிரூபணமானது ஒன்றுதான்: அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதிலிருந்து அத்தான் இல்லை என்பதற்கு நான் எப்படிப் போனேன்? என் மாணவன் ஒருவன் பரீட்சைத் தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருப்பேன். சாட்சி கேட்டவள் நீ. சாட்சியில்லாமல் முடிவு சொன்னவன் நான்.

2020 தையில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பிறகு மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று சொன்ன செய்தி வந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் நீங்கள் எல்லாரும் கொதித்துப்போய் இருந்தீர்கள். நான் வவுனியாவில் பத்திரிகையை மடித்து வைத்தேன். அது என் வசனம். எட்டு வருடம் முந்தியே, கச்சான் தின்றபடி, உனக்கு நான் சொன்ன வசனம்.

அத்தானை யாரிடம் ஒப்படைத்தாய், என்ன சொல்லி ஏற்றினார்கள், நீ எவ்வளவு தூரம் பின்னால் ஓடினாய் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று. எல்லாப் பழியையும் என் தலையில் வாங்கிக்கொள்ள நான் ஆயத்தமில்லை. நம்பிக்கை ஆருக்கும் கெடுதல் செய்யாது என்று நீ அடிக்கடி சொல்வாய். பாம்பு கடித்த நம் வீட்டுச் சின்னவனை மறந்துவிட்டா சொல்கிறாய்? வாசிக்கிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். கட்டுவிரியன் கடித்தால் அநேகமாக வலியே இராது. நிலத்தில் பாயில் படுத்திருப்பவரை நித்திரையில் கடித்துவிட்டுப் போகும். விடியப்புறம் வயிற்றுக்குள் நோகும், கண்மடல் சரியும், பிறகு மூச்சுவிடும் தசைகள் ஒவ்வொன்றாக ஓயும். அந்த நேரத்தில் விஷமுறிவு மருந்தும் மூச்சுக்கு மெசினும் உள்ள ஆசுப்பத்திரிதான் வழி. நாங்கள் அவனை விஷக்கடிப் பரியாரியாரிடம் பார்வை பார்க்கக் கொண்டுபோனோம். பரியாரியாரின் திண்ணை முழுக்க அவர் பிழைக்க வைத்தவர்கள் கொண்டுவந்த வாழைக்குலைகள். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சிலவேளை விஷம் இறக்காமல் கடிக்கும் என்பதை எட்டு வயதில் யார் எனக்குச் சொன்னார்கள்? பிழைத்தவன் குலையோடு வருவான். சின்னவன் எதைக் கொண்டு வருவான்? அவனுடைய இமையை நான் விரலால் தூக்கித் தூக்கிப் பிடித்தேன், அக்கா. விட்டால் விழுந்தது. அதனால்தான் அந்த முற்றத்தில் எழும்பினேன்.

இது நியாயம் சொல்வது போல இருக்கிறது. இருக்கட்டும். நியாயந்தான்.

இனி எழுத வேண்டியது கஷ்டமானது. 2018, பிள்ளையின் கலியாணம். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதமாட்டேன். சம்பந்தி வீட்டிலும் இதை வாசிப்பார்கள். அவர்கள் நல்ல மனுஷர், பிள்ளையை நன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லும் உரத்துச் சொல்லப்படவில்லை. "மாமாவும் மாமியும் இருந்து தாரை வார்த்தால் வடிவா இருக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. நான் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இருந்தேன். உன் மகளின் கையை நானும் உன் மச்சாளும் பிடித்துக் கொடுத்தோம். நீ குங்குமப் பொட்டோடு குசினி வாசலில் நின்று பலகாரத் தட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

பொட்டுக்கும் புருஷனுக்கும் சம்பந்தமில்லை என்று பள்ளிக்கூட மகளிர் தினக் கூட்டத்தில் நான் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். நீயோ அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "எனக்குச் சம்பந்தம் இருக்கு. இது அழிச்சால் அவர் செத்தார் எண்டு நான் கையெழுத்து வைச்ச மாதிரி" என்றாய். இரண்டில் எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அன்றைக்கு நீ அந்தக் குசினி வாசலில் நின்றிருக்கத் தேவையில்லை. ஒரு மரணச் சான்றிதழும் இல்லாமல், பிணமும் இல்லாமல், ஊர் உன்னைக் கைம்பெண் ஆக்கியது. அந்த மண்டபத்தில் ஒருவன் எழும்பி "செத்ததை ஆர் கண்டது?" என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியை நீதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தாய். குறி சொல்லிப் பிழைக்கும் ஒரு மனுஷியின் முற்றத்தில் எழும்பிய கால், அங்கே எழும்பவில்லை. ஐயர் தண்ணீரை வார்க்கச் சொன்னார், வார்த்தேன்.

நீயும் ஒரு சொல் கேட்கவில்லையே! ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த லேசைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

கோவூர் சாகும்போது கண்ணையும் உடம்பையும் மருத்துவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவருக்குக் குடுக்க ஒரு உடம்பு இருந்திருக்கு" என்றாய். அன்றைக்கு அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நான் இப்போதும் அத்தான் இல்லை என்றுதான் நினைக்கிறேன், அக்கா. பொய் சொல்லி உன்னிடம் திரும்பி வர விருப்பமில்லை. ஆனால் அது என் நினைப்பு. யாரும் கண்ட சாட்சியில்லை. 2012இல் நான் நிரப்பி வைத்த மரணப் பதிவுப் படிவம் என் அலுமாரியில் இருக்கிறது, உன் கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக. கிழிக்கவில்லை. இனி உன்னிடம் நீட்டவும் மாட்டேன். காணாமற்போனவர் என்று கொடுக்கும் சான்றிதழைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன். அது வேண்டுமா வேண்டாமா என்று பேச உனக்கு மூவாயிரம் நாளுக்கு மேல் வீதியில் கூட இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதோ தெரியாது. உன் கையெழுத்தில் அத்தானின் பெயர், நட்சத்திரம், கீழே திகதிகள். நீல மை, கறுப்பு மை, ஒன்று பென்சில். என்னோடு போன நாள் மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்பது இருக்கின்றன. ஆறு மாதம் என்று சொன்ன சேதி வராது என்று தெரிந்த பிறகு ஒன்பது தரம். கடைசித் திகதி கலியாணத்துக்கு மறுநாள்.

விடியவே பஸ் எடுத்திருப்பாய். வீடு முழுக்க ஆக்கள், பந்தல் பிரிக்கவில்லை, நாங்கள் எல்லாரும் நித்திரை. அங்கே போய் என்ன கேட்டாய்? கேட்கத்தான் போனாயா, சொல்லவா? மகளிடம் விசாரித்தேன். "அம்மா ஆக்களின்ர கதையை எங்களுக்குச் சொல்லுறேல்ல" என்றாள். கொப்பியில் எழுதுகிறவளுக்குத் தெரியாமலா? சொல்லவில்லை, அவ்வளவுதான். நல்லது.

படத்தைத் தபாலில் போட மனமில்லை. வெள்ளிக்கிழமை கிளிநொச்சிக்கு வருகிறேன். நீ கோயிலடியில் இருப்பாயா வீட்டில் இருப்பாயா என்று பிள்ளையிடம் சொல்லிவிடு. முறிகண்டியில் பஸ் நிற்கும். கச்சான் வாங்கி வருகிறேன். உன் பல்லுக்கு இப்போது கடிக்க முடியுமா என்றும் அவளிடமே சொல்லிவிடு.

தம்பி