அந்த ஒரு ‘உம்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் காசநோய் வரலாறு என்று ஆறு பக்கம் போட்டிருந்தீர்கள். 1882-ல் கோஹ் கிருமியைக் கண்டுபிடித்தது, காசநோயாளிகளைப் படுக்க வைக்கும் சானடோரியம், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து எல்லாம் விலாவாரியாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: ‘சில செவிலியர்கள் வீடுகளுக்கும் சென்று வந்தனர்.’ ‘வீடுகளுக்கும்’ என்ற அந்த ‘உம்’தான் உறுத்துகிறது, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்த மாதிரி.

உங்களுக்குத் தெரியாததா? 1900 அக்டோபரில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி ஸ்லீட் என்ற கறுப்பினச் செவிலியரை ஒரு தொண்டு அமைப்பு, அதுவும் பரீட்சார்த்தமாகத்தான், வேலைக்கு எடுத்தது. இரண்டே மாதத்தில் 41 குடும்பம், 156 தடவை படியேறியதாகக் கணக்கு கொடுத்தார். 1903-ல் பால்டிமோரில் ரெய்பா தெலின் காசநோயாளிகளுக்காகவே வீடு வீடாகப் போனார். மருந்து என்று கையில் ஒன்றும் கிடையாது. சளியைக் காகிதக் கோப்பையில் துப்ப வைத்து எரிக்கச் சொல்வது, மூடிக்கிடக்கும் சன்னலைத் திறக்க வைப்பது, பாலுக்கும் முட்டைக்கும் வழி பண்ணுவது, ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில் நோயாளிக்கு மட்டும் தனிப்படுக்கை போட மூலை தேடுவது, இதுதான் அன்றைக்கு வைத்தியம்.

நான் 27 வருஷம் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும் ஹெல்த் விசிட்டராக இருந்தவள். “தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திடுங்க சிஸ்டர், இன்னைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க” என்று கெஞ்சிய அம்மாவுக்காக, மாத்திரையைக் கட்டைப்பையில் வாழைக்காய்க்கு அடியில் ஒளித்துக்கொண்டு சீட்டுப்பணம் வாங்க வந்தவளாக நடித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற அன்று மேடையில் பேசியவர் டாக்டர்களை வரிசையாகப் பாராட்டிவிட்டு ‘களப்பணியாளர்களும்’ என்றார். அங்கேயும் ஒரு ‘உம்’!

இரண்டு வருஷம் முன்பு உங்கள் மார்ச் 24 உலகக் காசநோய் தினச் சிறப்பிதழிலும் இதே கதைதான். 1956-ல் தொடங்கிய மெட்ராஸ் ஆய்வு, சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியதை எழுதினீர்கள், சந்தோஷம். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் வாங்கி வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

சரி, அச்சில் வந்ததை இனி மாற்ற முடியாது. மூன்றாம் பக்கத்தில் ஒரு செவிலியர் பையோடு மொட்டைமாடி தாண்டுகிறாரே, ஒவ்வொரு கட்டடமாக இறங்கி ஏறினால் கட்டாது என்று கூரை வழியாகவே போவார்கள், அந்தப் படத்துக்குக் கீழே ‘பழைய நியூயார்க்’ என்று இருக்கிறது. இணையப் பதிப்பிலாவது ‘நோயாளி வீட்டுக்குப் போகும் செவிலியர்’ என்று மாற்றுங்கள். ‘வீட்டுக்கும்’ என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெல்த் விசிட்டர்,
மதுரை