குதிரையின் காலுக்குப் பத்து வாரம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்காலில் தசைநாண் கிழிந்து லாயத்தில் கட்டப்பட்டிருந்த தடை தாண்டும் குதிரையொன்று, பத்தே வாரத்தில் தேறி, அடுத்த மாதப் போட்டிக்கு ஆயத்தமாகிறது என்ற செய்தியைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் புதுச்சேரிப் பக்கத்தில் படித்தேன். அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ‘பத்தே வாரத்தில்’ என்பதைச் சாதனையாகக் கொண்டாடியிருந்த விதம் என்னை உறுத்தியது. சென்ற ஆண்டு இதே கணக்கை நம்பி, எங்கள் குதிரையின் காலை இரண்டாம் முறையும் கெடுத்துக்கொண்டவன் நான்.

லாடம் அடிப்பவர் முதல் வண்டிக்காரர் வரை நம் பக்கத்தில் எல்லாரும் இந்தத் தசைநாணை ‘நரம்பு’ என்றே சொல்வார்கள். ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று சொன்ன மாத்திரத்தில், எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பாதிக்கப்படுவது நரம்பே இல்லை. தசையை எலும்போடு பிணைக்கும் நாண். குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடம்பு ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும், காலின் பின்புறம் ஓடும் இந்த நாண்கள்தான் சுருள்வில்லைப் போல நீண்டு சுருங்கி அதைத் தாங்குகின்றன. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பந்தயக் குதிரையிடம் இந்த நாண் தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்வதை அளந்திருக்கிறார்கள். அறுந்துபோகும் எல்லைக்கு அது வெகு அருகில் உள்ள அளவு. அந்த ஓட்டத்தில் நாணின் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. கிழிசல் பெரும்பாலும் நடுவில் தொடங்குவதற்கு இந்தச் சூடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கிழிந்த இடத்தை உடம்பு முதலில் அவசரத் தையல் போட்டு மூடுகிறது. அப்போது உருவாகும் இழைகள் வலுவற்றவை, திசைக்கொன்றாகக் கிடப்பவை. அவை மெல்ல மெல்ல வலுவான இழைகளாக மாறி, காலின் நீளவாக்கில் வரிசைப்படுவதற்கு மாதங்கள் ஆகும். பெருங்கிழிசலாக இருந்தால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூட ஆகும். அப்படியும் பழைய நெகிழ்வு முழுதாகத் திரும்புவதில்லை. ஆனால் சூடும் வீக்கமும் நொண்டலும் சில வாரங்களிலேயே போய்விடுகின்றன. குதிரை வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

எங்களுடையது ஒன்பது வயதுப் பெண் குதிரை. ஆரோவில் பக்கத்தில் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். என் மகள் அதில் தடை தாண்டப் பழகுகிறாள். சென்ற ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு மாலை, பயிற்சி முடிந்து சேணத்தை இறக்கியபோது அது நொண்டவே இல்லை. மறுநாள் காலையில் லாயத்துப் பெரியவர் வலது முன்காலின் பின்புறத்தைத் தடவிவிட்டு, “இங்க கைய வச்சுப் பாருங்க ஐயா, கொதிக்குது” என்றார். முதல் சில நாட்களில் கிழிசல் இன்னும் விரியக்கூடும் என்பதால் மருத்துவர் காத்திருந்து ஒன்பதாம் நாள் ஸ்கேன் எடுத்தார். நாணின் குறுக்குவெட்டு சாம்பல் நிறத்தில் தெரிய, நடுவே உளுந்து வடையின் ஓட்டையைப் போல ஒரு கறுப்பு. அதுதான் கிழிசல். மொத்தப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு.

எட்டாவது வாரத்தில் நொண்டல் துளியும் இல்லை. பன்னிரண்டாம் வாரம் மறு ஸ்கேன் பார்த்த பிறகே டிராட் (மிதமான ஓட்டம்) என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மே மாத இறுதியில் பெங்களூரில் ஒரு போட்டி இருந்தது. பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியது. பதினோராம் வாரம் டிராட் ஓட்ட நானே சம்மதித்தேன். நான்கு நாள் கழித்துக் கேன்டர், அதாவது அதைவிட வேகமான ஓட்டம். ஆறாம் நாள் காலையில் காலில் மறுபடியும் அதே சூடு. புதிய ஸ்கேனில் கறுப்புப் பகுதி பாதிப் பரப்பை எட்டியிருந்தது. மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டியதோடு சரி.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மே மாத வெயிலில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் காலைக் குளிர்விப்பதற்குப் பதில் வேகவைக்கும்; ஆகவே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், படகுகளுக்கு ஏற்றும் பனிக்கட்டியைச் சாக்கில் வாங்கி வந்து உடைத்து, ஈரத் துணி சுற்றிய காலின் மேல் ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம் என்று வைத்தோம். இரண்டு வாரம் கழித்து, கையில் கயிறு பிடித்து ஐந்து நிமிட நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, இரண்டு மாதத்தில் முக்கால் மணி நேரம். தரை சமமாகவும் இறுகலாகவும் இருக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன் தார்ச்சாலையிலேயே நடத்தினோம். இதற்கிடையில் கொள்ளை அறவே நிறுத்திப் புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுத்தோம். வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குக் கொள்ளு வைத்தால், கயிற்றைப் பிடித்து நடத்தும்போது அது துள்ளும் ஒரே துள்ளலில் மூன்று மாத உழைப்பும் போய்விடும். ‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்’ என்ற பழமொழிக்கு அந்த நாட்களில் நான் புதிய பொருள் கண்டேன். ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்து, நேர்க்கோட்டில் மட்டும், இரண்டு நிமிடம் டிராட் தொடங்கினோம். சிறிய வட்டங்களில் ஓட்டினால் நாணின் மேல் சுமை ஒரு பக்கமாகச் சாயும் என்று தடை. ஒன்பதாம் மாத ஸ்கேனுக்குப் பிறகே கேன்டர். ஒவ்வொரு படியிலும் எங்களை அனுமதித்ததும் தடுத்ததும் ஸ்கேன் படமே; நாட்காட்டியை நாங்கள் பார்ப்பதில்லை.

இரத்தத் தட்டணுக்களை ஊசியாகச் செலுத்தும் சிகிச்சையைப் பற்றியும் தங்கள் செய்தியில் இருந்தது. ஆறும் திசுவின் தரம் அதனால் கூடலாம். ஆறுவதற்கான காலம் அதனால் பாதியாகிவிடாது. மாட்டுக்குப் போடுவதைப் போலக் குதிரையின் காலுக்கும் சூடு போட்டால் நாண் இறுகும் என்று எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. பிரிட்டனில் இப்படிச் சூடு போடுவது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்து, அதனால் பயனில்லை என்று ஆய்வில் தெரிந்தபின், 1991-இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் அவையே அதை ஏற்கத்தகாததென்று அறிவித்தது. இன்னொன்று வலி மாத்திரை. ஃபீனைல்பியூட்டசோன் கொடுத்தால் கிழிந்த காலுடனும் குதிரை நேராக நடக்கும். சர்வதேசப் போட்டிகளில் அந்த மருந்தின் தாக்கத்தோடு குதிரை களம் இறங்கக் கூடாது என்று விதி இருப்பது சும்மா இல்லை.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டுக் குதிரையேற்ற அணி தங்கம் வென்ற பிறகு, இந்த விளையாட்டை நோக்கிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நம் ஊரிலும் தென்படுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு குதிரை சொல்ல முடியாததைக் கேட்டு எழுத வேண்டிய பொறுப்பு போட்டி நடத்துபவர்களுக்கும், தங்களைப் போன்ற செய்தித்தாள்களுக்கும் உண்டு. தசைநாண் காயத்தால் விலகியிருந்த குதிரையின் பெயரைப் பதியும்போது, கடைசி ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது போட்டிக் குழுவுக்குப் பெரிய சுமை ஆகாது.

குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோள். பசுவுக்குச் சினை பார்க்கும் அதே வகை ஸ்கேன் கருவியால் குதிரையின் நாணையும் பார்த்துவிட முடியும். மாதத்தில் ஒரு நாளைக் குதிரைக் கால்களுக்கென ஒதுக்கி, எடுத்த படங்களை அடுத்த முறை ஒப்பிடும்படி சேமித்து வைத்தால், எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமின்றி, கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கும், கடலூர் வெள்ளிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகளுக்கும் அது உதவும். நாணுக்கு மிக மோசமான தரை, கால் புதையும் உலர்ந்த மணல். அதில் நாள் முழுக்க நடக்கும் குதிரைகளின் காலைத் தடவிப் பார்க்க ஆளில்லை. நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அவற்றின் உரிமையாளர்களிடம் மிரட்டலாகச் சொல்வதைவிட, இலவசமாக ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டிச் சொல்வது பலன் தரும் என்பது என் எண்ணம்.

எங்கள் குதிரைக்கு இரண்டாம் காயம் பட்டு இப்போது பன்னிரண்டாம் மாதம் நடக்கிறது. எட்டு நிமிடம் வரை கேன்டர் ஓடுகிறது. அடுத்த ஸ்கேன் ஜூன் முதல் வாரத்தில். அதுவரை தடைக் கம்பங்கள் லாயத்தின் பின்சுவரில் சாய்த்து வைத்தபடியே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.