400 டாலருக்கு வந்த யானை

மதுரை, தெற்குவாசல்.

அன்புள்ள மாப்ள,

சுகமா? முழங்கால் வலிக்குத் தைலம் கேட்கிறதா? நான் மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்து பத்து நாளாகிறது. நம்ம ஊர் வெயில் பட்ட பிறகுதான் உடம்பு வழிக்கு வந்தது.

அமெரிக்காவில் டியர்பார்ன் என்ற ஊரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. புகாட்டி ராயல் கார், 1931 மாடல். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். இந்த ரகத்தில் இன்றைக்கு மொத்தமே 6 வண்டிதான் மிஞ்சியிருக்கிறதாம். இன்ஜினில் ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், கொள்ளளவு 12.7 லிட்டர். பழைய அம்பாசடர் இன்ஜின் எட்டைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கு வராது! ரேடியேட்டர் மூடி மேலே ஒரு குட்டி யானை, பின்னங்காலில் எழுந்து தும்பிக்கையைத் தூக்கியபடி. இந்த வண்டியை உருவாக்கிய எத்தோரே புகாட்டியின் தம்பி ரெம்பிராண்ட் ஒரு சிற்பி, அவர் கைவேலை அது. சாவி கேட்டுக் கை பரபரத்தது, என்ன செய்ய, கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

வண்டியின் கதைதான் விசேஷம். வாங்கியவர் ஒரு ஜெர்மன் டாக்டர். பாடி கட்டியது மியூனிக்கில். டாக்டரோடு ஷாங்காய் போய், அப்புறம் நியூயார்க் வந்தது. அங்கே குளிரில், இன்ஜின் சூட்டைத் தணிக்க உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து, இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது. நமக்கு ரேடியேட்டர் கொதித்துத்தான் பழக்கம். திருமங்கலம் ரோட்டில் எத்தனை தடவை ஈரத்துணி போட்டு மூடி திறந்திருப்போம்! தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைசியில் பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினியர் சார்லஸ் செய்ன் அதை 400 டாலருக்கு வாங்கி, பிளாக்கைச் சரிசெய்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்பரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் நாலு வைத்து ஓட்டியிருக்கிறார். கறுப்பு வண்டியை வெள்ளையாக்கிப் பச்சைக் கோடு கொடுத்ததும் அவர்தான். 1950களில் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அதுவும் போட்டிக் கம்பெனிக்காரர் பேரில் இருக்கிற இடத்துக்கு! பெரிய மனசுதான்.

எனக்கு உடனே நம்ம பட்டறை ஹெரால்டு கார் ஞாபகம் வந்துவிட்டது. ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்கிறது, கழற்றிவிடலாம் என்று கண்டுபிடித்தவன் நீதானே. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கழற்றி, ரெக்சின் தைத்துப் போட்டு, சிம்மக்கல் வரைக்கும் திறந்த வண்டியில் போனோம். ஆற்றுப்பாலத்தில் மழை பிடித்து ரெக்சின் ஒழுகியதில் உன் வேட்டி நீலமானது தனிக்கதை. அதை முதலாளி எடைக்குப் போட்டபோது, நாமே சேர்ந்து பணம் புரட்டி எடுத்திருக்கலாம். அப்போது யோசனை போகவில்லை பார்.

ஆனால் அந்தக் கூரை என்னிடம்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் கோழிக்கூண்டுக்கு மேல் கவிழ்த்திருக்கிறேன். மழைக்கு ஒரு சொட்டு இறங்காது. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது காட்டுகிறேன். தங்கச்சியையும் அழைத்து வா.

இப்படிக்கு,
உன் பட்டறைக் கூட்டாளி